கடைத்தேங்காய்

1

தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பாறை. பக்கத்தில் இன்னொரு பாறை. நடுவில் திட்டுத்திட்டாகப் பனி. "அச்சோ-லே, அந்த வெள்ளைக் கோடு தெரியுதா? அதுக்குக் கீழ, இடது பக்கம் ரெண்டு பாறை தள்ளிப் பாருங்க" என்று வழிகாட்டிப் பையன் காதருகே கிசுகிசுத்தான். பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். அப்புறம் ஒரு பாறை வாலைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டது.

அதுதான் நான் பார்த்த பனிச்சிறுத்தை.

லடாக்கில், சிந்து நதிக்கு வடக்கே ஷாம் பகுதியில், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். பிப்ரவரி மாதம். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பைக்குள்ளேயே உறைந்துபோகும் குளிர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நாங்கள் ஆறு பேர் மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் காலையில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அது படுத்திருந்தது. நான்கு மணி நேரம் தூங்கியது. நடுவில் மூன்று முறை வாலை நகர்த்தியது, ஒரு முறை கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். அதற்கே எங்களில் ஒரு அம்மா அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த நிமிஷத்தில் இந்த உலகத்தில் யார் எதை இழந்தாலும் பரவாயில்லை, இது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வர வேண்டியிருக்கிறது.

மதியம், நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தார். லடாக்கியில் பாட்டியை 'அபி' என்பார்கள். மரியாதைக்குப் பின்னால் ஒரு 'லே' சேர்க்க வேண்டும், நம்முடைய 'ங்க' மாதிரி. அபி-லேக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "வாங்க அபி-லே, நீங்களும் பாருங்க" என்று ஒருவர் இடம் விட்டு நகர்ந்தார். அபி-லே சிரித்துக்கொண்டே வேண்டாமென்று கையை அசைத்தார். ஏதோ சொன்னார். பையன் இந்தியில் மொழிபெயர்த்தான்.

"நான் பார்த்திருக்கேன். என் பட்டிக்குள்ள பார்த்திருக்கேன். இவ்வளவு கிட்டத்துல."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு கட்டிலின் நீளம் இருக்கும்.

எனக்கும் சிறுத்தைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர். அவருக்கும் சிறுத்தைக்கும் நடுவே ஒரு கட்டில். ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்த இரண்டு தூரங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2

அன்று இரவு சமையலறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாண வறட்டி எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்டதால்தான் சொன்னார். தானாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் குளிர் இரவு. வீட்டை ஒட்டிய ஆட்டுப்பட்டிக்கு அப்போது நாலு பக்கமும் கல் சுவர்தான், மேலே திறந்திருந்தது. 'ஷான்' சுவரைத் தாண்டி உள்ளே குதித்திருக்கிறது. ஷான் என்றால் பனிச்சிறுத்தை. இரவில் சத்தம் கேட்டதாம். காற்று என்று நினைத்தார்களாம். விடிந்து பார்த்தால் வெள்ளாடும் செம்மறியுமாக 17 செத்துக் கிடக்கின்றன. ஒன்றைத்தான் கொஞ்சம் தின்றிருக்கிறது. மற்றவற்றின் கழுத்தில் பல் பதிந்த தடம் மட்டும். ஷான் வெளியே போகவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தது.

ஏன் தின்னாததையும் கொல்கிறது? கொடூரம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மலைச்சரிவில் இது நடக்காது. அங்கே ஒரு காட்டாட்டை அடித்தால் மற்றவை ஓடி மறைந்துவிடும், வேட்டை அதோடு முடிந்துவிடும். பட்டிக்குள் ஆடுகளுக்கு ஓட இடமில்லை. கண் முன்னால் துள்ளும் இரை துள்ளிக்கொண்டே இருக்கிறது. துள்ளுவதை அடி என்பதற்காகவே உருவான உடம்பு, துள்ளல் நிற்கும்வரை அடிக்கிறது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல ஆளில்லை என்பதால் 17 ஆடு உயிரோடு வந்துவிடவும் இல்லை.

ஊர் கூடிவிட்டது. அபி-லேயின் சின்ன வயதில் என்றால் கல்லாலேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். அப்படி ஒன்றைக் கொன்றதை அவர் பார்த்திருக்கிறார். இந்த முறை யாரோ கையைப் பிடித்துத் தடுத்தார்கள். தகவல் போனது. சாயங்காலம் கூண்டோடு ஆட்கள் வந்து பிடித்து, தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

"அதைப் பார்க்க ஆறு பேர் வந்தாங்க" என்றார் அபி-லே. "அது நல்லா இருக்கா, காயம் பட்டிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. ஆட்டைப் பார்க்க யாரும் வரலை."

இழப்பீடு வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். மனு எழுத, போட்டோ எடுக்க, லே நகரத்துக்குப் போய்வர என்று செலவு போக, அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், இரண்டு ஆடு வாங்கும் அளவுக்கு வந்ததாம்.

என் பெரியம்மா வெள்ளாடு வளர்த்தார். ஒரு மழை ராத்திரியில் தெருநாய்கள் கொட்டகைக்குள் புகுந்து சினையாடு ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டன. பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஒரு ஆடுதானேம்மா" என்று பெரியப்பா சொன்னதற்கு, "ஒரு ஆடா? அது வயித்துல ரெண்டு. அதுங்க போடப்போற குட்டி எத்தனை? நீ ஒண்ணுன்னு எண்ணுற" என்றார். ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஆடு என்பது எண்ணிக்கை இல்லை. அது வங்கி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், குளிருக்குக் கம்பளி. அதற்கு மேல், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற உயிர். 17 ஆடு என்று அபி-லே சொன்னபோது என் மனதில் ஓடிய கணக்கு பெரியம்மாவினுடையது.

3

சிறுத்தையின் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

2019 முதல் 2023 வரை இந்தியாவில் முதல்முறையாக நாடு தழுவிய அளவில் பனிச்சிறுத்தைகளைக் கணக்கெடுத்தார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒருங்கிணைத்தது. தடம் தேடி 13,450 கிலோமீட்டர் நடந்தார்கள். 1,971 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். நம் கைரேகை போல ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடம்புப் புள்ளிகளின் அமைப்பு வேறு. அதை வைத்து 241 தனித்தனிச் சிறுத்தைகளை அடையாளம் கண்டு, அதிலிருந்து மொத்தம் 718 என்று மதிப்பிட்டார்கள். 2024 ஜனவரியில் அறிக்கை வந்தது. லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாச்சலத்தில் 51, அருணாச்சலத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9.

718. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் எண்ணிக்கை.

இவற்றுக்குத் தனியாக இடம் ஒதுக்கி, வேலி போட்டு, உள்ளே மனிதர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மலை அப்படி வேலை செய்வதில்லை. மங்கோலியாவில் சிறுத்தைகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரே ஓர் ஆண் சிறுத்தைக்குச் சுமார் 200 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. பனிச்சிறுத்தை வாழும் நாடுகளில் உள்ள 170 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 40 சதவீதம், ஒரு ஆண் சிறுத்தையின் எல்லையைவிடச் சிறியவை. அதாவது நாம் வேலி போட்ட இடங்கள் பலவற்றில் ஓர் ஆண் சிறுத்தைகூட முழுதாக வாழ முடியாது. வாழ்வதென்றால் மேய்ப்பர்களின் மலையில்தான் வாழ வேண்டும்.

அந்த மலையில் என்ன நடக்கிறது? இமாச்சலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் கிப்பர் பகுதியில் சாருதத் மிஸ்ரா 1990-களில் ஆய்வு செய்தார். காட்டு விலங்குகளால் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரைக் கால்நடைக்கு மேல் இழக்கிறது என்று கண்டார். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ரூபாயில் அது அங்கே ஒரு ஆளின் சராசரி ஆண்டு வருமானத்தில் பாதி. உங்கள் சம்பளத்தில் ஆறு மாதத்தை, ஒவ்வொரு வருஷமும், உலகப் பாரம்பரியத்துக்காக யாரோ எடுத்துக்கொண்டு போவதாக நினைத்துப் பாருங்கள்.

வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் 2016 அறிக்கை, 2008-க்குப் பிறகு உலகம் முழுக்க ஆண்டுதோறும் 221 முதல் 450 பனிச்சிறுத்தைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. அவற்றில் பாதிக்கு மேல், கால்நடையை இழந்தவர்கள் பதிலுக்குக் கொன்றவை. தோலுக்காகக் கொன்றவை அதைவிடக் குறைவு. நம் மனதில் இருக்கும் வில்லன் துப்பாக்கியோடு வரும் கடத்தல்காரன். நிஜத்தில் அது பெரும்பாலும் விடிகாலையில் பட்டிக் கதவைத் திறந்து பார்த்த ஒருவர்.

4

சுற்றுச்சூழல் அறவியலில் ஒரு பிரபலமான கற்பனைக் கதை உண்டு. 1973-இல் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ரிச்சர்ட் ரூட்லி முன்வைத்தது. உலகத்தில் எல்லோரும் செத்துவிட்டார்கள், ஒரே ஒரு மனிதன் மிச்சம். அவனும் சாகப்போகிறான். போவதற்கு முன் கண்ணில் படும் ஒவ்வொரு விலங்கையும் மரத்தையும் அழித்துக்கொண்டே போகிறான். அதனால் எந்த மனிதனுக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் மனிதனே இல்லை. அப்படியானால் அவன் செய்வது தப்பா, இல்லையா?

தப்பு என்றுதான் நம்மில் பெரும்பாலானோர் சொல்வோம். தப்பு என்றால், விலங்குக்கும் மரத்துக்கும் மனிதப் பயனைத் தாண்டிய மதிப்பு ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம். கல்லூரிக் காலத்தில் இந்த வாதத்தை முதல்முறை படித்தபோது மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். மலையில் தூங்கிக்கொண்டிருந்த அந்த உயிர் என் கண்ணுக்காகத் தூங்கவில்லை. யாரும் பார்க்காத நாளிலும் அது அப்படியே தூங்கும். அது இருப்பது நல்லது. அவ்வளவுதான், அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அபி-லேயின் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கதையில் ஒரு ஓட்டை தெரிந்தது. அதில் எல்லோரையும் கொன்றுவிட்டுத்தான் கேள்வியையே கேட்கிறோம். மற்ற மனிதர்கள் இருந்தால் குழப்பம் வரும் என்பதால் அவர்களை அப்புறப்படுத்திவிடுகிறோம். சிறுத்தைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு அது உதவும். அந்த மதிப்பின் செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு உதவாது. கடைசி மனிதனுக்குப் பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் பாட்டி இல்லை. நமக்கு இருக்கிறார்.

இன்னொரு சிக்கல், அரிது என்பது. 718 இருப்பதால் சிறுத்தை விலைமதிப்பற்றது, கோடிக்கணக்கில் இருப்பதால் ஆடு விலைபோகக்கூடியது என்று நம்மை அறியாமலே நினைக்கிறோம். 1972-லிருந்து பனிச்சிறுத்தை, ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற படியில் இருந்தது. 2017-இல் ஒரு படி இறக்கி 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது' என்று வைத்தார்கள். துறைக்குள் அதற்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. அந்த நாளில் மலையில் இருந்த ஒரு தனிச் சிறுத்தையின் உயிர் மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லையென்றால், அரிது என்பது அந்த உயிருக்குள் இருக்கும் குணம் இல்லை. நம் பதற்றத்தின் அளவு அது. பதற்றம் நியாயமானதுதான். ஒரு இனம் போனால் திரும்ப வராது. ஆனால் அந்தப் பட்டியில் செத்த சினையாடும் திரும்ப வராது. அதன் வலி சிறுத்தையின் வலியைவிட மலிவானதில்லை.

விலங்கு உரிமை பேசிய டாம் ரீகன், இயற்கை என்ற மொத்தத்தின் நலனுக்காகத் தனி உயிர்களைப் பலி கொடுக்கலாம் என்ற பார்வையை 1983-இல் 'சுற்றுச்சூழல் பாசிசம்' என்றே அழைத்தார். வார்த்தை ரொம்பக் காட்டம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் பாதுகாப்பு அறிக்கைகளில் 'கால்நடை இழப்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். சிறுத்தை செத்தால் 'மரணம்'. ஆடு செத்தால் 'இழப்பு'. ஆட்டுக்கு உயிர் போகிறது, அதை நாம் பணக் கணக்கில் எழுதுகிறோம். அந்தப் பணத்தையும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை.

5

இதற்கு நடைமுறையில் ஒரு பதில் இருக்கிறது. சிறுத்தையே தன் செலவைச் சம்பாதிக்கட்டும் என்பது. நான் போனதும் அந்த ஏற்பாட்டில்தான். 2000-களின் தொடக்கத்தில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்களில் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் ஆரம்பித்தது. ரின்சென் வாங்சுக் என்ற லடாக்கி மனிதரும் அவர் தொடங்கிய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் அதற்கு முக்கியக் காரணம். பட்டிகளுக்கு மேலே கம்பி வலை போட்டு, கதவை உறுதியாக்கிக் கொடுத்ததும் அந்த வேலையின் பகுதி. இன்று குளிர்காலத்தில் சிறுத்தை பார்க்க வருகிறவர்கள் லட்சத்துக்கு மேல் செலவு செய்கிறார்கள். அதில் ஒரு பங்கு ஊருக்குள் நிற்கிறது.

உண்மையைச் சொன்னால், போவதற்கு முன் இது எனக்கு அசிங்கமாகப் பட்டது. அந்த உயிருக்கு விலைச்சீட்டு ஒட்டுவதா? காசு வருவதால் கொல்லாமல் விடுவது ஒரு அறமா? காசு நின்றால்? அபி-லேயிடம் இதைச் சுற்றிவளைத்துக் கேட்டேன். கொரோனா வந்தபோது என்ன ஆச்சு?

"ரெண்டு குளிர்காலம் யாரும் வரலை" என்றார். "ஷான் மட்டும் வந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நானே மேற்கொண்டு கேட்டேன். அப்போது யாராவது கொன்றார்களா? இல்லையாம். ஏன்? "மேல வலை இருக்கே, பட்டிக்குள்ள வர முடியாது. மேய்ச்சல்ல ஒண்ணு ரெண்டு போச்சு. போறது எப்பவும் போறதுதான்." எனக்கு உறைத்தது. கொல்வதா வேண்டாமா என்பதை அவர் காசை வைத்தும் முடிவு செய்யவில்லை, என் மாதிரி மதிப்புத் தத்துவத்தை வைத்தும் முடிவு செய்யவில்லை. ஒரே ராத்திரியில் மொத்தமும் போய்விடாது என்ற நிம்மதி இருந்தால், ஒன்றிரண்டைப் பொறுத்துக்கொள்ள அவரால் முடிகிறது. பொறுமைக்கும் ஒரு கூரை தேவைப்படுகிறது.

விலைச்சீட்டின் நிஜமான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓநாயும் அந்த மலையில்தான் இருக்கிறது. அதுவும் ஆட்டைத் தின்கிறது. ஓநாயைப் பார்க்க லட்சம் கொடுத்து யாரும் வருவதில்லை. "ஷானுக்கு நீங்க இருக்கீங்க. ஓநாய்க்கு யாரு?" என்று பையன் கேட்டான். அழகான முகத்துக்கு மட்டும் காசு கிடைக்கும் சந்தையில் ஓநாய் என்ன செய்யும்? ஆகவே சந்தை போதாது. ஆனால் சந்தை அசிங்கம் என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. விலையில்லாத அன்பு என்று நான் பெருமைப்பட்டது, விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்ததால்தான் விலையில்லாமல் இருந்தது.

6

நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. உடைத்தவனுக்குப் புண்ணியம், பிள்ளையாருக்குத் தேங்காய், கடைக்காரனுக்கு நஷ்டம். பக்தி பொய் என்று பழமொழி சொல்லவில்லை. உடைத்தவன் நிஜமாகவே கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கலாம். தேங்காய் அவனுடையது இல்லை, அதுதான் விஷயம்.

"யார் எதை இழந்தாலும் பரவாயில்லை, இது இருக்க வேண்டும்" என்று மேட்டில் நின்று நான் நினைத்தேனே, அதுதான் கடைத்தேங்காய். அந்த 'யார்' நான் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியின் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். சோழர்களின் முன்னோன் என்று புறநானூற்றுப் பாடல்கள் அவனைச் சொல்கின்றன. கதையைக் கேட்கும்போது நாம் புறாவைத்தான் கவனிக்கிறோம். பருந்தைக் கவனிப்பதில்லை. பருந்தின் பசியும் நியாயம் என்று சிபி ஒத்துக்கொண்டான் என்பதுதான் அந்தக் கதையின் அசாதாரணமான இடம். விரட்டிவிடவில்லை, கொல்லவில்லை. உன் பங்கு உனக்கு வர வேண்டும் என்றான். அந்தப் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரன் தொடையிலிருந்து அறுத்துத் தரவும் இல்லை. எவ்வளவு அறுத்து வைத்தும் தராசு சமமாகவில்லை. கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தான்.

லடாக்கின் பௌத்தர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் உண்டு. குட்டிகளையே தின்னும் அளவுக்குப் பசித்துக் கிடந்த பெண்புலிக்குத் தன் உடலைக் கொடுத்த போதிசத்துவனின் கதை. நேபாளத்தில் நமோ புத்தா என்ற இடத்தில் அது நடந்ததாக நம்பி இன்றும் யாத்திரை போகிறார்கள். இரண்டு கதையிலும் கொடுக்கப்பட்டது கொடுத்தவனுடையது. கருணைக்கு அதுதான் முதல் நிபந்தனை என்று நினைக்கிறேன். அடுத்தவர் சதையில் செய்யும் கருணைக்கு வேறு பெயர் இருக்கிறது.

அதற்காக நாளைக்கே எல்லோரும் தராசில் ஏற முடியாது. ஆனால் தராசை நம் பக்கம் கொண்டுவரலாம். கிப்பரில் அப்படி ஒன்று நடந்தது. 2000-களின் தொடக்கத்தில், மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் துணையோடு கிராமமே ஒரு கால்நடைக் காப்பீட்டை ஆரம்பித்தது. குடும்பங்கள் பிரீமியம் கட்டுகின்றன, வெளியிலிருந்தும் பணம் சேர்கிறது, எந்த ஆட்டை எது கொன்றது என்று விசாரித்துப் பணம் கொடுப்பது ஊர்க்குழு. ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. ஆனால் மனுவோடு நகரத்துக்கு அலைந்த ஆள் இங்கே தன் ஊரில், தன் ஆட்களிடம், உரிமையோடு கேட்கிறார். பொய் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியும். இழந்தவரைப் பிச்சைக்காரராக்காத இழப்பீடு அது.

ஓநாய்க்கும் ஒரு பதில் லடாக்கிலேயே இருக்கிறது. 'ஷங்டோங்' என்பது ஓநாய் பிடிக்கக் கல்லால் கட்டிய பொறி. சுவர் உள்பக்கம் சாய்ந்திருக்கும், விழுந்தால் ஏற முடியாது. சீன எல்லையை ஒட்டிய சுஷுல் ஊர் மக்கள், பாதுகாப்பு ஆர்வலர்களோடும் துறவிகளோடும் பேசிப்பேசி, தங்கள் ஷங்டோங்குகளின் சுவரில் விலங்கு வெளியேற வழி திறந்துவிட்டார்கள். இடித்துத் தள்ளவில்லை. அது தாத்தாக்கள் கட்டியது, அவர்கள் பட்ட பாட்டின் சாட்சி. பக்கத்தில் ஒரு ஸ்தூபி எழுப்பி 2018-இல் பூஜை செய்தார்கள். யாரும் லட்சம் கொடுத்துப் பார்க்க வராத ஓநாய்க்காக. அவர்கள் திறந்துவிட்டது அவர்களுடைய சுவர். அதனால்தான் அந்தச் செயலுக்கு ஒரு எடை இருக்கிறது.

7

இதையெல்லாம் எழுதுகிறவன் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில் லே கடைத்தெருவில் அம்மாவுக்கு ஒரு பஷ்மினா சால்வை வாங்கினேன். பஷ்மினா கிழக்கே சாங்தாங் பீடபூமியில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் வெள்ளாட்டின் உள்மயிர். உலகச் சந்தையில் அதற்கு இருக்கும் கிராக்கியால் மத்திய ஆசியா முழுக்க ஆட்டு மந்தைகள் பெருகின. 2013-இல் கன்சர்வேஷன் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு மங்கோலியா, சீனா, இந்தியாவின் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது: காட்டில் மேயும் பெரிய குளம்பு விலங்குகளின் மொத்த எடை, வளர்ப்புக் கால்நடைகளின் எடையில் 5 சதவீதம்கூட இல்லை. காட்டாட்டுக்குப் புல் இல்லை, சிறுத்தைக்குக் காட்டாடு இல்லை, அதனால் பட்டிச் சுவர் ஏறுகிறது.

"மேய்ப்பர்கள்தானே மந்தையைப் பெருக்கினார்கள், அனுபவிக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மந்தையைப் பெருக்கச் சொல்லிக் காசு கொடுத்தது என்னைப் போன்றவர்களின் சால்வை. அபி-லேயின் ஊர் ஆடுகள் பஷ்மினா ஆடுகள் இல்லை. ஆனாலும் சிறுத்தை பட்டிக்குள் குதிப்பதில் எனக்குப் பங்கே இல்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜத்தில் அவ்வளவு தள்ளி இல்லை.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான். சிறுத்தைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி முக்கியம், உண்டு என்பது என் பதில். ஆனால் அதை உரக்கச் சொல்வதற்கு முன், அதற்கான செலவில் என் பங்கு என்ன என்று சொல்ல வேண்டும். பட்டிக்கு வலை, நேரத்துக்கு வரும் காப்பீட்டுப் பணம், சால்வையின் விலைக்குள் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு பங்கு, இவையெல்லாம் நான் செய்யும் தர்மம் இல்லை. உடைத்த தேங்காய்க்குக் கொடுக்க வேண்டிய காசு. அதைக் கொடுத்த பிறகுதான் கும்பிடுவது கும்பிடுவதாகும்.

கிளம்பும் நாள் காலையில் அபி-லே பட்டிக் கதவைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். கதவு ஓர் ஆடு மட்டும் நுழையும் அகலம். ஒவ்வொன்றாக வர வர, முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மேலே கம்பி வலையில் பனி உறைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பையன் வழியாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊர்ல என்ன மிருகம் இருக்கு?"

மலைப்பக்கம் சிறுத்தை இருக்கிறது, யானை இருக்கிறது, புலியும் இருக்கிறது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்தச் சிறுத்தை யாரோட ஆட்டைத் தின்னும்?"

குத்திக்காட்டும் தொனி இல்லை. உங்கள் ஊரில் என்ன பயிர், எத்தனை மாதம் மழை என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். "மலையோரத்துல இருக்கிறவங்களோடதை" என்றேன்.

அவர் தலையாட்டினார். அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு குட்டி பின்தங்கிவிட்டதைப் பார்த்து உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.